மூன்றாவது பிளக்

எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரிகளில் ஒன்று மட்டும் பெட்ரோல் வண்டி. மற்றவையெல்லாம் டீசல். பெரிய லோரிகள் திரும்ப முடியாத குறுகலான மண்பாதைகளுக்கு அந்தச் சின்ன லோரியைத்தான் அனுப்புவார்கள். பழைய வண்டி. நாலு சிலிண்டர், நாலு ஸ்பார்க் பிளக், ஒவ்வொன்றுக்கும் தடித்த ரப்பர் வயர். அதைப் பார்த்துக்கொள்வது முழுக்க என் பொறுப்பு. எஸ்டேட் பட்டறையில் நான் மெக்கானிக்காகச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன் என்று வாய் ஓயாமல் பீற்றிக்கொண்ட காலம் அது.

அந்த லோரியை ஓட்டியவள் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு என் மனைவியோடு கொழுந்து வெட்டப் போனவள். புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள் ரிங்லெட் டவுனில் படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய்ப் பழகி, லோரி லைசன் எடுத்துக்கொண்டு வந்து, மானேஜர் முன்னால் நின்று வேலை கேட்டு வாங்கினாள். மானேஜர் ஈப்போவில் பிறந்த தமிழர்தான், என்றாலும் எஸ்டேட் வழக்கப்படி அவரைத் துரை என்றே சொல்வோம்.

அவளுக்கு வேலை கிடைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதே வேலைக்கு என் மனைவியின் தம்பியும் கேட்டிருந்தான். அவனுக்காகத் துரையிடம் நானே பேசியிருந்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. இல்லையென்றால் இனிமேல் சொல்லப்போவதை வெறும் கவனக்குறைவு என்று நினைத்துவிடுவீர்கள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அந்த வண்டிக்கு நாலு பிளக்கையும் புதிதாக மாற்றினேன். மூன்றாவதைக் கையில் எடுத்து நுனியின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தபோது, சட்டைப் பையில் போன் அடித்தது. அதை எடுக்கப் போன கையிலிருந்து பிளக் நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது.

கீழே விழுந்த பிளக்கை மாட்டக்கூடாது. பட்டறையில் முதல் வாரமே தெரிந்துகொள்கிற விஷயம் இது. மேலே இருக்கும் வெள்ளைப் பீங்கான் கொஞ்சம் கீறல் விழுந்தாலும் போதும், பொறி தன் இடத்தில் விழாமல் விரிசல் வழியாகப் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். பீங்கானில் முடியைப் போல ஒரு கோடு இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். போகவில்லை. அழுக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

வேறு பிளக் வேண்டுமென்றால் ரிங்லெட் கடைக்குப் போக வேண்டும். அதற்கு ஆபீசில் எழுத்தர் வேலை பார்க்கும் கிராணியிடம் சீட்டு வாங்க வேண்டும். நாலு கொடுத்தேனே, இன்னொன்று எதற்கு என்று கிராணி கேட்பார். பதினெட்டு வருஷ மெக்கானிக் பிளக்கைக் கீழே போட்டுவிட்டான் என்று ஆபீசில் சிரிப்பார்கள். இரண்டு மணிக்கு வண்டி மலையில் நிற்கவேண்டும் என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டு, அதையே மாட்டி முறுக்கினேன். வண்டியைக் கிளப்பியதும் தையல் மெஷின்போல ஓடியது. பிறகு அதை மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவள் பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணே, ஏழாம் நம்பர் மலை ஏத்தத்துல வண்டி இழுக்க மாட்டேங்குது. குலுங்குது."

கிளப்பிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. ஒன்றுமில்லை என்று அனுப்பினேன்.

நாலைந்து நாளில் மறுபடி வந்தாள். இந்த முறை யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வெயில் அடிச்சா ஒண்ணும் பண்ணல அண்ணே. லோடு இல்லாம போனாலும் ஒண்ணும் பண்ணல. பனி எறங்கி இருக்கணும், லோடும் இருக்கணும். அப்பதான் குலுங்குது."

இதைவிடத் தெளிவாக ஒரு டிரைவர் மெக்கானிக்கிடம் சொல்லிவிட முடியாது. ஈரத்திலும் சுமையிலும் மட்டும் தவறுகிற இஞ்சின் என்றால் பொறி எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இதே வார்த்தைகளை ஓர் ஆண் வந்து சொல்லியிருந்தால், அவன் முடிக்கும் முன்பே பிளக் வயர்களைக் கழற்றியிருப்பேன். அன்று பட்டறையில் இரண்டு நேப்பாளத் தொழிலாளிகளும் டீசல் லோரி டிரைவர் ஒருவரும் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டு, "பனியில போனா வண்டிக்குச் சளி புடிச்சிருக்கும். தைலம் தேச்சு விடு லா" என்றேன். டிரைவர் சிரித்தார். நேப்பாளத்துக்காரர்களுக்குப் புரியவில்லை, அவர்களும் சிரித்தார்கள். பிறகு, "கிளச்ச அரைகுறையா விடாம ஓட்டு, எல்லாம் சரியாயிடும்" என்று புத்தியும் சொன்னேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "சரி அண்ணே, பாத்து ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. ஏழாம் நம்பர் மலையில் வேலை முடிந்து, கொழுந்து மூட்டைகளின்மேல் நாலு பெண்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். மழைத் தூறல், கண் தெரியாத பனி. ஏற்றத்தின் பாதியில் இஞ்சின் குலுங்கி, இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. இஞ்சின் நின்றால் அந்த வண்டியில் பிரேக் கல்லாகிவிடும், முழு பலத்தோடு மிதித்தாலும் பாதிதான் பிடிக்கும். சேற்றில் கை பிரேக்கும் நிற்கவில்லை. லோரி பின்னால் உருண்டது. இடது பக்கம் மண்மேடு, வலது பக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே பள்ளம். அவள் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியின் பின்பக்கத்தை மண்மேட்டில் மோதவிட்டு நிறுத்தினாள். ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. இன்னொருத்திக்கு முழங்கை உரசியது.

முழங்கை உரசியவள் என் மனைவி.

சாயங்காலம் கைக்கு மருந்து போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "அந்தப் பக்கம் ஒடிச்சிருந்தா நான் இப்ப இங்க ஒக்காந்திருக்க மாட்டேன். அவ கை நடுங்கவே இல்ல தெரியுமா? எங்கள எறக்கி விட்டப்பறம்தான் நடுங்குனா."

அந்த வண்டியில் என்னுடைய பிளக் இருக்கிறது என்ற நினைப்பு அப்போதுகூட எனக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் இடத்தில், துரையே வந்து நின்றார். எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"வண்டியில என்ன கோளாறு?"

"இஞ்சின்ல ஒண்ணும் இல்ல துரை. புது பிளக் போட்டு ஒரு மாசம்கூட ஆகல. நேத்து சாயந்தரம்கூட கிளப்பிப் பாத்தேன், நல்லா ஓடுது."

"அப்ப?"

 தோளைக் குலுக்கினேன். அந்தத் தோள்குலுக்கலில் எல்லாம் இருந்தது. துரை அவள் பக்கம் திரும்பி, "நாளையிலேருந்து நீ பழைய வேலைக்குப் போம்மா. சாவிய ஆபீஸ்ல குடுத்துடு" என்றார். அவள் சாவியை அப்போதே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, கொழுந்து வெட்டும் பெண்களின் வரிசையில் கடைசியில் போய் நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் வண்டியின் உடைந்த பின்விளக்கை மாற்ற உட்கார்ந்தேன். வெளியே மழை. பட்டறைக் கதவைச் சாத்தியிருந்தேன், உள்ளே இருட்டாக இருந்தது. எதற்கும் பார்க்கலாம் என்று, கண்ணாடி துடைக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்து, இஞ்சினை ஓடவிட்டு, பிளக்குகளின்மேல் லேசாகத் தெளித்தேன். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் தண்ணீர் பட்டதும் இஞ்சின் குலுங்கியது. பீங்கானின் மேலிருந்து கீழே, நீல நிறத்தில், நூலைப் போல ஒரு பொறி ஊர்ந்து இரும்பில் இறங்கியது. நின்றது. மறுபடி ஊர்ந்தது. அந்தக் கோட்டின் வழியாகவே.

இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கட்டைவிரலால் தேய்த்தது அப்போது ஞாபகம் வந்தது. எழுந்து போனால் ஆபீஸ் இருநூறு அடி. துரை உள்ளேதான் இருந்தார். மழையில் நனைந்துகொண்டு போய்ச் சொல்லியிருக்கலாம். காலையில் சொன்னது தவறு, இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள்.

நான் செய்தது வேறு. பழைய பிளக்குகளில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து, சுத்தம் செய்து, மூன்றாவது இடத்தில் மாட்டினேன். விரிசல் விட்டதைச் சுத்தியால் உடைத்துக் குப்பையில் போட்டேன். மறுபடி தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். இஞ்சின் அசையவில்லை.

இரண்டு நாளில் வண்டியை என் மச்சினனிடம் கொடுத்தார்கள். அதே ஏழாம் நம்பர் ஏற்றத்தில், அதே பனியில், அதைவிடக் கூடுதல் லோடோடு ஏறி வந்தான். பேக்டரி வாசலில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்: "பாத்தியா, அதே வண்டிதான். ஓட்டுற ஆளு ஓட்டுனா ஓடுது." மச்சினன் என்னிடம் வந்து, "வண்டி சூப்பரா இருக்கு மச்சான், அந்தக்கா எப்படி நிக்க விட்டுச்சுன்னே தெரியல" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல பையன். நான் சிரித்தேன்.

அவளைக் குற்றவாளியாக்கியது அந்த விபத்து அல்ல. அதற்குப் பிறகு வண்டி நன்றாக ஓடியதுதான். அதை ஓடவைத்தவன் நான்.

ஒரு மாதம் கழித்து அவள் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.  தெரிந்துவிட்டது, கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, ஒரு ஒதவி. திரிங்காப்புல ஒரு சீன மொதலாளி, காய்கறித் தவுக்கே, லோரிக்கு ஆள் கேக்குறாரு. எஸ்டேட்ல ஓட்டுனேன்னு சொன்னேன். யார்கிட்ட கேக்கணும்னாரு. ஒங்க நம்பரத்தான் குடுத்திருக்கேன். துரைகிட்ட கேட்டா அன்னிக்கு நடந்தத சொல்லிடுவாரு. நீங்க ஒரு வார்த்த நல்லதா சொல்லுங்க அண்ணே."

அவளுடைய வேலையைப் பறித்தவனிடமே வந்து, அது தெரியாமல், இன்னொரு வேலைக்குச் சிபாரிசு கேட்டாள்.  "சரிம்மா, சொல்றேன்" என்றேன். "ரொம்ப நன்றிண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தவுக்கே மறுநாளே போன் செய்தார். மலாய் மொழியில் பேசினோம். அவள் நன்றாக ஓட்டுவாளா என்று கேட்டார். மலைப்பாதையில் அவளைப்போல ஓட்ட ஆளில்லை என்றேன். அதுவரை உண்மை.

"பிறகு ஏன் எஸ்டேட்டில் வண்டியை விட்டு இறக்கினார்கள்?"

"வண்டிக் கோளாறு தவுக்கே. அவள்மேல் தப்பில்லை."

அதுவும் உண்மைதான். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன், முகம் தெரியாத ஒருவரிடம். நெஞ்சில் ஏதோ லேசானதுபோல இருந்தது. அப்போது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக் யார்? அவனிடம் என் லோரியை விடக்கூடாது!"

"வெளிப் பட்டறை தவுக்கே" என்றேன். "கீழே, தாப்பாவில்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தேன். கிரீஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.

அவளுக்கு வேலை கிடைத்தது. முதல் வாரம் முடிந்ததும் ஒரு பை நிறையக் கோஸும் தக்காளியும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் பட்டறையிலிருந்து வந்தபோது கோஸ் பொரியல் மேசையில் இருந்தது.

"அண்ணன் சொன்னதாலதான் வேல கெடச்சுதுன்னு சொல்லிச்சொல்லி மாஞ்சு போனா" என்றாள் மனைவி. "ஒங்களுக்கு இவ்வளவு நல்ல மனசு இருக்குன்னு எனக்கே தெரியாம போச்சு."

ஒரு கவளம் எடுத்தேன்.  தட்டை நகர்த்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கீழே விழுந்தது, கோடு, பெரட்டு, நீலப் பொறி, சுத்தியல், போன். அவள் கை தானாகப் போய் முழங்கையைத் தடவிக்கொண்டது. அங்கே தழும்பு இருந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட சொல்லி என்ன பண்ண?" என்றாள். "எனக்கா வேல போச்சு? அவகிட்ட போய்ச் சொல்லுங்க." பொரியலை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரிங்காப்புக்குப் போனேன். பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்களின் நடுவே ஒரு கொட்டகை. அவள் லோரியின்மேல் நின்று தார்பாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வாங்கண்ணே!" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். அந்தச் சிரிப்பு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், லோரியின் டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

 நான் முடித்ததும் அவள் கேட்டாள்.

"விரிஞ்சிருக்குன்னு தெரிஞ்சே போட்டீங்களா?"

"கோடு மாதிரி இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா, சொல்லிக்கிட்டீங்களா?"

டயரில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினேன்.

அவள் கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டாள். "நீங்க வேலைய வாங்குனதகூட விட்டுடலாம்ணே. நான் தெனம் படுத்துக்கிட்டு அந்த ஏத்தத்த ஓட்டிப் பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க தப்பு பண்ணேன், கிளச்ச எப்ப விட்டேன், கியர மாத்த நேரமாச்சான்னு. அந்தக்கா கணுக்காலு என்னாலதான் போச்சுன்னு அவங்க வீட்டுக்குப் போயி கால்ல விழுந்துட்டு வந்தேன். மூத்தவ ஸ்கூல்ல ஒருத்தன் 'ஒங்கம்மா லோரிய கவுத்தவ'ன்னு சொல்லியிருக்கான். அவளுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமாம்மா, அம்மா தப்புத்தான், நீ சண்ட போடாதன்னு சொன்னேன்."

"மன்னிச்சிடும்மா. நாளைக்கே துரைகிட்ட போய்ச் சொல்லிடுறேன்."

"துரைகிட்ட மட்டும் வேணாம். ரூமுக்குள்ள சொன்னா ரூமுக்குள்ளயே இருக்கும். பெரட்டுல சொல்லுங்க. அங்கதான என்ன எறக்குனீங்க."

 மறுபடி லோரியில் ஏறிக் கயிற்றை இழுத்துக் கட்டத் தொடங்கினாள். நான் திரும்பினேன்.

மறுநாள் பெரட்டுக்குப் போனேன்.  மெக்கானிக்குக்குப் பெரட்டில் வேலையில்லை என்பதால் என்னைக் கண்டதுமே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு முன்னால் வந்து சொன்னேன். நீளமாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஏழெட்டு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. பிளக்கை நான்தான் கீழே போட்டேன். விரிசல் விட்டதை மாட்டினேன். வண்டி நின்றது அதனால்தான். அது தெரிந்த பிறகும் மறைத்தேன். ஓட்டியவள்மேல் ஒரு தப்பும் இல்லை. எல்லாரையும் காப்பாற்றியது அவள்தான்.

யாரோ ஒருவர் பின்னால் சிரித்தார். கணுக்கால் பிசகிய பெண் வரிசையிலிருந்து வெளியே வந்து, என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபடி தன் இடத்துக்குப் போய் நின்றாள். என் மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலையே அவன் லோரிச் சாவியை ஆபீசில் வைத்துவிட்டான். எனக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னானாம். பிறகு துரை கூப்பிட்டுச் சமாதானம் சொன்ன பிறகுதான் திரும்ப எடுத்தான். என்னோடு அவன் இன்றுவரை வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறான்.

துரை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதைக் கொடுக்கும்போது, "தப்பு எல்லாரும் பண்றதுதான். ஆனா நீ தோளக் குலுக்குனல்ல, அதத்தான் என்னால மறக்க முடியல" என்றார். கிராணியை விட்டு அவளுக்குப் போன் போடச்சொன்னார். பழைய லோரி வேண்டுமென்றால் வரலாம், டீசல் லோரியே கூடத் தருகிறேன் என்று. அவள் மரியாதையாக மறுத்துவிட்டாள். இங்கே நான் சொன்னால் தவுக்கே கேட்கிறார் என்றாளாம். வேறு எதையும் கேட்கவில்லை. ஆனால் பெரட்டில் நடந்ததை யாராவது தன் மகளின் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அதற்கு யாரை அனுப்புவது என்று ஆபீசில் தெரியவில்லை. நானே போகிறேன் என்றேன். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடமிருந்து பதில் வந்தது.

போன மாதம் பிரிஞ்சாங்கில், சாயங்காலச் சந்தையில், நானும் மனைவியும் அவளைப் பிள்ளைகளோடு பார்த்தோம். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். மூத்தவள் அடுத்த வருஷம் ஈப்போவுக்குப் படிக்கப் போகிறாளாம். நான் இரண்டடி தள்ளி, வேகவைத்த சோளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியும் என்பது பார்வையிலேயே தெரிந்தது.

கிளம்பும்போது அவளுடைய அம்மா என் மனைவியிடம், "வர்றேன்க்கா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வர்றேங்க" என்றாள். "அண்ணே" இல்லை.

நான் தலையை ஆட்டினேன்.